பதினாலு பேர் காசு... ஒரே ஒரு பேட்!

காவிரி டெல்டாவில் கிரிக்கெட் சீசனை முடிவு செய்வது மேட்டூர் அணைதான். ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது பல காலமாக இருந்துவரும் கணக்கு. நீர் இருப்பைப் பொறுத்துத் தேதி முன்னே பின்னே போகும். ஆற்றில் தண்ணீர் ஓடுகிற மாதங்களில் வயல் நெல்லுக்குச் சொந்தம். சம்பா அறுவடை முடிந்து, ஆறு மணலாகக் கிடக்கிற மாதங்களில் அதே வயல் பிள்ளைகளுக்குச் சொந்தம்.

அப்போதும் எல்லா வயலும் கிடைத்துவிடாது. அறுப்புக்குச் சில நாள் முன்பே, மண்ணில் ஈரம் இருக்கும்போதே, நெற்பயிருக்கு நடுவில் உளுந்தோ பயறோ தெளித்துவிடுவார்கள். கதிர் அறுத்த கையோடு கீழே உளுந்து பச்சை கட்டி நிற்கும். அங்கே கால் வைத்தால் வசவுதான் கிடைக்கும். உளுந்து போடாத வயல், கோயில் திடல், ஆற்று மணல் என்று ஏதாவது ஒன்றைத் தேடிப் பிடிக்க வேண்டும். அடித்தாளை மண்வெட்டியால் செதுக்கி, வெடிப்பில் மண்ணைப் போட்டு, நாலு குடம் தண்ணீர் தெளித்து மிதித்தால் பிட்ச் தயார்.

இடம் இலவசம். பந்து சில பத்து ரூபாய்தான். ஸ்டம்புக்கு மூங்கில் இருக்கிறது. ஓர் ஊர் அணி உட்கார்ந்து பேசி, காசு சேர்த்து, யோசித்து வாங்க வேண்டிய பொருள் ஒன்றே ஒன்றுதான். பேட்!

மூன்று பேர் ஆடிய பேட்

கல்லணைக் கால்வாயை ‘புது ஆறு’ என்று சொல்லும் ஊர்கள் தஞ்சாவூருக்கும் ஒரத்தநாட்டுக்கும் இடையில் நிறைய உண்டு. அதில் ஓர் ஊரின் அணி இது. மொத்தம் பதினாலு பேர். கேப்டன் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். விக்கெட் கீப்பருக்கு செல்போன் ரிப்பேர் கடை. இரண்டு பேர் ஐ.டி.ஐ முடித்தவர்கள், நாலைந்து பேருக்கு வயல் வேலை. அணியிலேயே சின்னவன் பிளஸ் ஒன் படிக்கிறான்.

போன சீசனில் இவர்களிடம் இருந்தது ஒரு ‘இங்கிலீஷ் வில்லோ’ பேட். சென்னையில் லீக் ஆடும் ஒரு சொந்தக்காரர் பழசைக் குறைந்த விலைக்குக் கொடுத்தது. லெதர் பந்துக்காகச் செய்த பேட். ஒன்றேகால் கிலோ கனம். ஊரே அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது.

கேப்டன் கையில் அது நன்றாகத்தான் பேசியது. மூட்டை தூக்கிப் பழகிய தோள் அவருக்கு. அவரும் இன்னும் இரண்டு பேரும் வரப்பைத் தாண்டி அடித்தார்கள். மற்றவர்கள் பேட்டைத் தூக்கி இறக்குவதற்குள் பந்து கீப்பர் கையில் இருந்தது. ஏழாவதாக இறங்கும் பிளஸ் ஒன் பையனுக்கு மணிக்கட்டில் வலி ஆரம்பித்து, எண்ணெய் போட்டு உருவியும் போகாமல், பரீட்சை நேரத்தில் பேனா பிடிக்கவே சிரமப்பட்டான். சீசன் முடியும்போது பேட்டின் கைப்பிடியும் விட்டுப்போனது.

இந்த வருடம் புது பேட். தலைக்கு 250 ரூபாய், மொத்தம் 3,500. பையனின் பங்கை அவன் அம்மாதான் கொடுத்தார். களையெடுத்த கூலியில் எடுத்து வைத்தது. காசைக் கொடுக்கும்போது ஒரு வார்த்தை சொன்னார்.

“எல்லாருந்தான் காசு குடுக்குறீங்க. ஆடுறது என்னமோ மூணு பேருதான். இந்தத் தடவையாவது எம்புள்ள தூக்குற மாதிரி வாங்குப்பா.”

கேப்டன் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். ஆனால், அந்த வார்த்தை அவரை விடவில்லை. கடன் பாக்கி மாதிரி மனசில் உட்கார்ந்துகொண்டது.

போனில் வந்த அமெரிக்க பேட்

பேட் வாங்குகிறார்கள் என்று தெரிந்ததும் ஆளுக்கொரு வீடியோவை குரூப்பில் போட்டார்கள். ‘டபுள் பிளேடு’, ‘ஸ்கூப்’, ‘பவர் எட்ஜ்’ என்று பெயர்கள் மாறினாலும் எல்லா வீடியோவிலும் பந்து கூரையைத் தாண்டிப் போனது. கீப்பர் போட்டது மட்டும் வேறு ரகம். அமெரிக்காவில் ஆடும் ‘ஸ்லோ பிட்ச் சாஃப்ட்பால்’. உருண்டையான, உள்ளே பொள்ளலான பேட். தொப்பை வைத்த நடுவயதுக்காரர் ஒருவர் சாவகாசமாக வீசுகிறார், பந்து வேலியைத் தாண்டுகிறது.

“ண்ணே, இது காம்போசிட்டாம். கார்பன் ஃபைபர். இதே மாதிரி கிரிக்கெட்டுக்கு வந்தா அள்ளிப்புடலாம்ல?” என்று கேட்டிருந்தார்.

கேட்க வேண்டிய கேள்விதான். அந்த விளையாட்டில் பேட் தேர்வு என்பது பெரிய ஆராய்ச்சி. வேலை முடித்து வந்து சாயங்காலம் ஆடுகிறவர்கள்கூட, நம் காசுக்கு 25,000, 30,000 ரூபாய் கொடுத்து ஒரு காம்போசிட் பேட் வாங்குகிறார்கள்.

காம்போசிட் என்றால் என்ன? டெல்டாக்காரர்களுக்கு இது புதிதே அல்ல. மண் சுவர் வைக்கும்போதும், நெல் கொட்டி வைக்கும் குதிர் செய்யும்போதும் மண்ணோடு வைக்கோலைக் கலந்து மிதிப்பார்கள். மண் மட்டும் இருந்தால் காய்ந்து வெடிக்கும். வைக்கோல் மட்டும் இருந்தால் நிற்காது. இரண்டும் சேர்ந்தால் குதிர் நிற்கும். காம்போசிட் பேட்டில் வைக்கோலுக்குப் பதில் கார்பன் இழை, மண்ணுக்குப் பதில் ரெசின் என்ற பிசின். இழையை எந்தத் திசையில், எத்தனை அடுக்கு வைப்பது என்பதை வைத்து எங்கே இறுக்கம், எங்கே நெகிழ்வு என்று முடிவு செய்கிறார்கள்.

அந்த நெகிழ்வில்தான் விஷயம் இருக்கிறது. சாஃப்ட்பால் என்று பெயர்தான் மென்மை. அந்தப் பந்து சுமார் 177 முதல் 198 கிராம் வரை இருக்கும். கிரிக்கெட் பந்தைவிடக் கனம். பந்து வந்து மோதும்போது பொள்ளல் பேட்டின் சுவர் ஒரு நொடியின் சிறு பங்கில் உள்ளே குழிந்து, திரும்ப எழுந்து பந்தைத் தள்ளுகிறது. கயிற்றுக் கட்டிலில் குதிக்கும் குழந்தையைக் கட்டில் மேலே தூக்கிவிடுவதைப் போல. திடமான மரத்தில் அடித்தால் பந்துதான் நசுங்கும். நசுங்குவதிலேயே வேகத்தின் பெரும்பங்கு போய்விடும். பேட் குழிந்துகொடுத்தால் பந்து அந்த அளவுக்கு நசுங்காது, வேகம் மிஞ்சும்.

இந்த வேகம் ஆபத்தும்கூட. பந்து வீசுகிறவர் எதிரிலேயே நிற்கிறார். அதனால் அமெரிக்க சாஃப்ட்பால் சங்கம் 2004-ல் ஒரு வரம்பு வைத்தது. அவர்கள் செய்யும் சோதனையில் பேட்டிலிருந்து கிளம்பும் பந்தின் வேகம் மணிக்கு 98 மைல், அதாவது சுமார் 158 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் முத்திரை கிடையாது, அவர்கள் போட்டியில் அந்த பேட்டுக்கு இடமும் கிடையாது. அதையும் மீறி, பேட்டின் உள்சுவரைச் சுரண்டி மெல்லிசாக்கி ஏமாற்றுகிறவர்கள் அங்கேயும் உண்டு!

இன்னொரு வேடிக்கை. புது காம்போசிட் பேட் உடனே முழுதாக வேலை செய்யாது. சில நூறு அடி வாங்கி இழைகள் கொஞ்சம் தளர்ந்த பிறகுதான் உச்சத்துக்கு வரும். குளிர் ஆகாது; சுமார் 15 டிகிரிக்குக் கீழே போனால் விரிசல் விடும் என்று தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள். மார்கழியில்கூட ஃபேன் போடும் தஞ்சாவூரில் அந்தக் கவலை இல்லை.

மட்டை என்றால் மரம்தான்

கிரிக்கெட்டில் ஏன் இது வரவில்லை? வர முயன்றது, விடவில்லை.

1979 டிசம்பரில் பெர்த் டெஸ்ட்டில் ஆஸ்திரேலியாவின் டென்னிஸ் லில்லி அலுமினிய பேட்டுடன் இறங்கினார். பந்து கெடுகிறது என்று இங்கிலாந்து கேப்டன் மைக் பிரியர்லி முறையிட, ஆட்டம் நின்றது. கோபத்தில் லில்லி பேட்டைத் தூக்கி எறிந்தார். அதன் பிறகு மட்டையின் அடிக்கும் பகுதி மரத்தால்தான் இருக்க வேண்டும் என்று விதியிலேயே எழுதிவிட்டார்கள். 2006-ல் ரிக்கி பாண்டிங் ஆடிய பேட்டின் முதுகில் ஒட்டியிருந்த கார்பன் கிராஃபைட் பட்டைக்கும் இதே கதிதான். விதிகளைக் காக்கும் எம்.சி.சி ஆட்சேபித்தது, தயாரித்த நிறுவனம் அதை விலக்கிக்கொண்டது. 2021-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூங்கிலால் பேட் செய்து காட்டினார்கள். இப்போதைய விதிப்படி செல்லாது என்று எம்.சி.சி சொல்லிவிட்டது. மூங்கில் தாவரவியல்படி மரமே அல்ல, புல்!

2017 அக்டோபரில் அளவுக்கும் கடிவாளம் வந்தது. அகலம் 108 மில்லிமீட்டர், தடிமன் 67, ஓரம் 40. இதற்கு மேல் போகக் கூடாது.

ஊர் டோர்னமெண்டில் யாரும் ஸ்கேல் வைத்து அளப்பதில்லை என்பது வேறு விஷயம். அங்கே நோட்டீஸில் அடித்திருப்பதுதான் சட்டம். ஆனாலும் மட்டை என்றால் மரம் என்பதில் ஊருக்கும் உலகத்துக்கும் கருத்து ஒன்றுதான். ‘மட்டை’ என்ற சொல்லே தென்னையிலிருந்தும் பனையிலிருந்தும் வந்ததுதானே! டெல்டாவில் பிறந்த எந்தப் பையனுக்கும் முதல் பேட் தென்னை மட்டைதான். அதுவும் ஒரு காம்போசிட்தான். நாரும் சோறும் இயற்கையே கலந்து செய்தது.

17, 7, 4: ஒரு சின்னக் கணக்கு

சரி, சாஃப்ட்பாலை விடுவோம். டென்னிஸ் பந்துக்கு எந்த பேட் நல்லது? கனமானதுதான் என்பது ஊரில் பொதுவான எண்ணம். “கனம் இருந்தாத்தான் பந்து பறக்கும்” என்பார்கள். கனமான அரிவாள் ஆழமாக வெட்டுவதைப் பார்த்து வந்த நம்பிக்கை அது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஸ்லோ பிட்ச் ஆட்டத்தில் பேட் பெரும்பாலும் 750 முதல் 850 கிராம். பந்து சுமார் 190. பேட், பந்தைப்போல 4 மடங்கு.

லெதர் கிரிக்கெட்டில் பேட் சுமார் 1,200 கிராம். பந்து 160. இது 7 மடங்குக்கு மேல்.

சாதாரண டென்னிஸ் பந்து 58 கிராம்தான். பேட் ஒரு கிலோ என்றால் 17 மடங்கு!

4 மடங்கு இருக்கும் இடத்தில் பேட்டின் கனத்தைக் கொஞ்சம் கூட்டினால் பலன் தெரியும். 17 மடங்கு இருக்கும் இடத்தில் இன்னும் 200 கிராம் கூட்டினால் பந்துக்கு அது பெரிதாகத் தெரியாது. கொசுவை அடிக்க உள்ளங்கை போதும், உலக்கை வேண்டாம். டோர்னமெண்டுகளில் ஆடும் ‘ஹெவி’ டென்னிஸ் பந்து இதைவிடக் கனம்தான். ஆனாலும் லெதர் பந்து அளவுக்கு வராது.

பந்துக்குத் தெரியாத அந்த 200 கிராம், கைக்கு நன்றாகத் தெரியும். கனம் கூடினால் பேட் வரும் வேகம் குறையும். டென்னிஸ் பந்து எவ்வளவு தூரம் போகும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது பேட் எவ்வளவு வேகமாக வந்து மோதுகிறது என்பதுதான். கனத்தைக் கூட்டி வேகத்தை இழந்தால் நஷ்டம் நமக்கே.

இன்னொன்று. டென்னிஸ் பந்து ரப்பர், உள்ளே காற்று. நசுங்குவதும் எழும்புவதும் பந்தின் வேலை. பேட் நெகிழ்ந்துகொடுக்க வேண்டியதே இல்லை. சாஃப்ட்பாலில் 30,000 ரூபாய் பேட் செய்யும் வேலையை, இங்கே சில பத்து ரூபாய் பந்தே செய்துவிடுகிறது! அதனால்தான் பல ஆயிரம் கொடுத்து இங்கிலீஷ் வில்லோ வாங்கினாலும், டென்னிஸ் பந்தில் அந்த விலைக்குத் தகுந்த வித்தியாசம் தெரிவதில்லை.

கீப்பர் இந்தக் கணக்கைத் தன் போனிலேயே போட்டுப் பார்த்து குரூப்பில் எழுதினார். கேப்டன் பதில் எழுதவில்லை. கட்டைவிரல் மட்டும் உயர்த்தினார். ஒன்றேகால் கிலோவை வீசிப் பழகியவருக்கு அது அவ்வளவு எளிதல்ல.

கடையில் என்ன பார்க்க வேண்டும்?

தஞ்சாவூருக்குப் போனது மூன்று பேர். கேப்டன், கீப்பர், பிளஸ் ஒன் பையன். பையனைக் கூட்டிப்போனது கேப்டனின் முடிவு. “இவன் தூக்கட்டும், அப்புறம் நாம பாக்கலாம்” என்றார்.

வீட்டிலிருந்து கிளம்பும்போதே செய்ய வேண்டிய ஒரு வேலை உண்டு. பழைய பேட்டைப் பார்ப்பது. பந்து பட்ட கறை எங்கே அதிகம் இருக்கிறது? அடியிலா, நடுவிலா? அந்தக் கறைதான் அந்த ஊர் பிட்சின் ஜாதகம். பந்து தாழ்ந்து வரும் வயல் பிட்சில் கறை கீழேயே இருக்கும். அப்படியானால் சதைப்பற்று கீழே இருக்கும் பேட் பொருத்தம். இவர்களுடைய பேட்டிலும் கறை கீழேதான் இருந்தது.

கடையில் முதலில் கண்ணில் படுவது ஸ்டிக்கர். டென்னிஸ் பந்து பேட்டுகளில் பலவற்றுக்கு முகம் முழுக்க ஸ்டிக்கர் சுற்றியிருக்கும். ஸ்டிக்கருக்கு அடியில் மரம் தெரியாது. மரம் தெரிகிற பேட்டாகக் கேட்டு வாங்குவது நல்லது. கைப்பிடியிலிருந்து அடிவரை ரேகைகள் நேராக ஓட வேண்டும். குறுக்கே வளைந்து ஓரத்தில் முடிந்தால் அந்த இடத்தில் பிளக்கும். கணு இருக்கிறதா, ஓட்டையை மெழுகுபோல எதையாவது வைத்து அடைத்திருக்கிறார்களா என்று விரலால் தடவிப் பார்க்கலாம்.

கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் ‘காஷ்மீர் வில்லோ’. ஸ்ரீநகரிலிருந்து ஜம்மு போகும் நெடுஞ்சாலையில், அனந்த்நாக் மாவட்டத்தின் சங்கம், பிஜ்பெஹாரா பகுதிகளில் சாலை ஓரம் முழுக்க இந்தக் கட்டைகளை அடுக்கிக் காயவைத்திருப்பார்கள். ஜீலம் ஆற்றங்கரை அது. ஆற்றோர மரம் ஒன்று, இன்னோர் ஆற்றோர ஊருக்கு வந்து சேர்கிறது. இங்கிலீஷ் வில்லோவைவிடக் கொஞ்சம் கனம், நிறமும் கொஞ்சம் பழுப்பு. விலையோ பல மடங்கு குறைவு. டென்னிஸ் பந்துக்கு இதுவே தாராளம். மலிவு விலையில் ‘பாப்லர்’ மரத்து பேட்டும் வரும். சின்னப் பிள்ளைகளுக்குப் பரவாயில்லை, ஹெவி பந்தைத் தாங்காது.

கனம் காஷ்மீர் வில்லோவில் ஒரு பிரச்னைதான். அதற்குத்தான் ‘ஸ்கூப்’. பேட்டின் முதுகில் நடுவே குடைந்து எடுத்துவிடுவார்கள். ஓரம் தடிமனாகவே இருக்கும், கனம் குறையும்.

கனத்தை ஸ்டிக்கரில் பார்த்து நம்ப வேண்டாம். இவர்கள் பக்கத்து மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தார்கள். ‘லைட் வெயிட்’ என்று எழுதியிருந்த ஒன்று 1,120 கிராம் காட்டியது.

தராசும் முழு உண்மையைச் சொல்லாது. ஒரே கனம் உள்ள இரண்டு பேட்டில் ஒன்று கையில் மிதக்கும், இன்னொன்று தலை கவிழும். தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையைப் பாருங்கள். கனம் முழுக்க அடியில் இருப்பதால்தான் எப்படித் தள்ளினாலும் நிமிர்கிறது. பேட்டிலும் கனம் அடியில் குவிந்தால் அது தன் இஷ்டத்துக்குத்தான் நிற்கும். நம் கைக்கு வளையாது. சதை கீழே இருக்கலாம், ஆனால் கையை இழுக்கக் கூடாது. அதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. வலதுகை ஆட்டக்காரர் இடதுகையால் மட்டும் கைப்பிடியின் மேல்பகுதியைப் பிடித்து பேட்டைப் பின்னால் தூக்கி, மெதுவாக முன்னால் கொண்டுவர வேண்டும். பத்து முறை. மணிக்கட்டு நடுங்கினால் வேண்டாம்.

பையன் ஐந்து பேட்டை அப்படித் தூக்கிப் பார்த்தான். முதல் இரண்டு, நாலாவது முறையிலேயே சாய்ந்துவிட்டது. மூன்றாவது டபுள் பிளேடு; கேப்டன் கண் அதிலேயே இருந்தது. பையன் பல்லைக் கடித்து ஏழு முறை தூக்கினான். “நல்லாருக்குண்ணே” என்று வேறு சொன்னான். கேப்டன் அவன் மணிக்கட்டைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் பேட்டை வாங்கிக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தார்.

கடைசியில் எடுத்தது ஒரு காஷ்மீர் வில்லோ ஸ்கூப். தராசில் 980 கிராம். கைப்பிடி பிரம்பு, லேசாக முறுக்கினால் சத்தம் வரவில்லை. பேட்டுக்குள் கைப்பிடி இறங்கும் ‘வி’ வடிவ இணைப்பில் இடைவெளி இல்லை. விலை 2,200 ரூபாய். உறை 200. மீதி 1,100 பந்துக்கும் என்ட்ரி ஃபீஸுக்கும் ஆனது.

வாங்கினால் போதுமா?

மரத்துக்கு டெல்டாவில் எதிரிகள் இரண்டு. பனி ஈரம் ஒன்று, பங்குனி வெயில் இன்னொன்று.

காலையில் பனி இறங்கிய தரையில் பேட்டை ஊன்றி நிற்பதுதான் எல்லோருக்கும் பழக்கம். ஈரம் ஏறுவது அடிமுனை வழியாகத்தான். முனை ஊறி உப்பினால், காயும்போது பிளக்கும். கடையில் விற்கும் ரப்பர் ‘டோ கார்டை’ ஒட்டிவிட்டால் பாதிப் பிரச்னை தீரும். ஆற்று மணலில் ஆடிவிட்டு பேட்டைத் தண்ணீரில் அலசவே கூடாது. காய்ந்த துணியால் துடைத்தால் போதும்.

வெயிலில் நிற்கும் வண்டிக்குள் பேட்டை விட்டுவிட்டுப் போனால் மரம் உலர்ந்து வெடிக்கும், இணைப்பில் பசை இளகும். வீட்டுக்குள், சுவரில் படாமல், நிழலில் மாட்டிவைப்பதே நல்லது. புது பேட்டில் முதல் நாளே புது ஹெவி பந்தை அடிக்காமல், பழைய பந்தில் சில நாள் தட்டிப் பழக்கலாம். கைப்பிடி ரப்பர் ஒன்று மட்டும் போடுவது பொது பேட்டுக்கு ஏற்றது. இரண்டு போட்டால் பெரிய கைக்குச் சுகம், சின்னக் கைக்குப் பிடி கிடைக்காது.

இந்த அணியில் பேட் யார் வீட்டில் இருக்க வேண்டும் என்றும் ஒரு முடிவு எடுத்தார்கள். முன்பு கேப்டன் வண்டியில் கிடந்தது. இப்போது மாதம் ஒரு வீடு. எந்த வீட்டில் இருக்கிறதோ, அந்த வீட்டுக்காரர்தான் பொறுப்பு. பேட்டைப் பார்க்கும் பார்வையே இதில் மாறிவிட்டது. “நம்ம வீட்டு பேட்டு” என்று பதினாலு வீட்டிலும் சொல்லத் தொடங்கினார்கள்.

கேப்டனுக்கு நஷ்டம்தான்

புது பேட்டில் கேப்டனுக்கு முதல் சில ஆட்டங்கள் சரியாக அமையவில்லை. கனத்துக்குப் பழகிய கை, பந்து வரும் முன்பே வீசி முடித்தது. இரண்டு முறை நேராக ஆகாயத்தில் தூக்கிக் கொடுத்து அவுட். “பழசே தேவலாம்” என்று ஒருநாள் முணுமுணுத்ததும் உண்டு. நேரத்தைப் பிடிக்க மூன்று வாரம் ஆனது.

அணி கோப்பை எதையும் தூக்கிவிடவில்லை. ஒரு டோர்னமெண்டில் கால் இறுதி, இன்னொன்றில் முதல் சுற்றிலேயே வெளியே. ஆனால், ஆறாவது, ஏழாவது, எட்டாவது ஆட்டக்காரர்கள் பந்தைத் தொட்டார்கள். போன வருடம் மூன்று விக்கெட் விழுந்ததும் ஸ்கோர் எழுதுகிறவர் நோட்டை மூடத் தயாராவார். இந்த வருடம் கடைசி ஓவர் வரை எழுத வேண்டியிருந்தது. பையன் சீசன் முழுக்க மணிக்கட்டில் துணி சுற்றாமல் ஆடினான். பரீட்சையும் எழுதினான்.

டென்னிஸ் பந்தில் ஆடி என்ன கிடைக்கப்போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்து வீசிக்கொண்டிருந்த நடராஜன், 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடினார். எல்லோரும் நடராஜன் ஆகிவிட முடியாது. பெரும்பாலானவர்களுக்கு இது நாலு மாத சந்தோஷம்தான். அந்த நாலு மாதத்திலும் தன் காசில் வாங்கிய பேட்டைத் தூக்க முடியாமல் எல்லைக்கோட்டில் பந்து பொறுக்கிக்கொண்டு நிற்பவன், அடுத்த சீசனுக்கு வரமாட்டான். ஊர் அணிகள் பெரும்பாலும் தோற்றுக் கலைவதில்லை. இப்படி ஒவ்வொருவராக வராமல் போய்த்தான் கலைகின்றன.

விலையைப் பதினாலால் வகுக்க எல்லா அணிக்கும் தெரியும். கனத்தை யார் கைக்குத் தகுந்தபடி பார்ப்பது என்பதில்தான் தகராறு. அணியில் பலசாலி எந்த பேட்டிலும் அடித்துக்கொள்வார். அவருக்கு மூன்று வாரம் போதும். சின்னக் கைக்கு மூன்று வருடம் ஆனாலும் ஒன்றேகால் கிலோ ஒன்றேகால் கிலோதான்.

தை பிறந்து வயல் காலியாகப்போகிறது. பேட் வாங்க டவுனுக்குக் கிளம்பும் அணிகள், ஏழாவதாக இறங்கும் தம்பியையும் வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள். முதலில் அவன் தூக்கிப் பார்க்கட்டும்.